வெள்ளிக்கிழமைக்குள் என்றால் 'வித்தின் ஃப்ரைடே' இல்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசிங் (ஆர்டர்களைக் கவனிக்கும்) பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். சேர்ந்து 8 மாதம் ஆகிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, பிறகு பி.காம். முடித்தேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதும் என் வேலை. போன மாதம் வந்த டெக் பேக்கில் (ஆடையின் அளவுகளும் மற்ற விவரங்களும் அடங்கிய கோப்பு) எம் சைஸுக்கு செஸ்ட் அளவு 2ஆம் பக்கத்தில் 52 என்றும் 4ஆம் பக்கத்தில் 54 என்றும் இருந்தது. அதைக் கேட்டு நான் எழுதிய மெயிலை மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டினார். 'வித்தின் ஃப்ரைடே' என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் எதை எழுதினாலும் பயமாக இருக்கிறது. மொபைல் ஆப்பில் போட்டு எழுதி வாங்கி அனுப்பினேன், அதிலும் ஒரு பிரச்சினை வந்துவிட்டது. இலக்கணப் புத்தகம் வாங்கி முதலிலிருந்து படிக்கட்டுமா சார்? பையரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? என்னுடைய மூன்று மெயில்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அம்மா, உங்கள் மூன்று மெயில்களையும் இரண்டு முறை படித்தேன். பஞ்சாலையிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலுமாக 28 வருடம் கடிதப் போக்குவரத்து பார்த்தவன் நான். இப்போது வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தோன்றுவதை நேராகவே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சிரித்தார்களே, அந்தத் தப்பு சின்னது. அந்த மெயிலில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. படித்துக் காட்டியவரும் அதைக் கவனிக்கவில்லை.

எல்லார் முன்னாலும் படித்துக் காட்டியது சரியில்லை. ஒருவர் எழுதியதைத் திருத்துவது இரண்டு பேருக்குள் நடக்க வேண்டிய காரியம். சபையில் அவமானப்பட்டவருக்கு அடுத்த முறை தப்பைக் குறைக்கத் தோன்றாது, மறைக்கத்தான் தோன்றும். நீங்கள் ஆப்பைத் தேடிப் போனதும் அதனால்தான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் மெயிலைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியது இது: 'டியர் சர், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் ட்ரெயிலிங் மெயில், வி ஹேட் ரிசீவ்டு யுவர் டெக் பேக் எஸ்டர்டே. வி ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட். கைண்ட்லி க்ளாரிஃபை த சேம் வித்தின் ஃப்ரைடே அண்ட் டு த நீட்ஃபுல்.'

இதைப் படித்துவிட்டு அந்த பையர் என்ன செய்ய முடியும்? அளவு அட்டவணையில் நாற்பது ஐம்பது எண்கள் இருக்கும். எந்த எண், எந்த சைஸ், எந்தப் பக்கம் என்று மெயிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால்தான் அவர் 'விச் மெஷர்மென்ட்?' என்று இரண்டே சொல்லில் பதில் போட்டார். நீங்கள் திரும்ப எழுதி, அவர் திரும்ப எழுதி, மூன்று நாள் போய்விட்டது. ஆனால் எனக்குத் தமிழில் எழுதும்போது '2ஆம் பக்கத்தில் 52, 4ஆம் பக்கத்தில் 54' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். விஷயம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் விஷயம் பின்னால் போய், மரியாதையான வாசகங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன.

இது உங்கள் ஒருவர் பழக்கம் இல்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் முதன்முதலாக எழுதிய ஆங்கிலக் கடிதம் பள்ளிக்கூட லீவ் லெட்டர்தான். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி, 'ஐ ரிக்வெஸ்ட் யூ' என்று போய், 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடியும். மனப்பாடமாக எழுதினோம். அதில் காரணம் முதலில் வரும், கேட்பது கடைசியில் வரும். தமிழ் வாக்கியமும் அப்படித்தான் போகும். 'காய்ச்சலாக இருப்பதால் ஒரு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று வினையைக் கடைசியில் வைத்துத்தான் பேசுகிறோம். அதனால் அந்த லீவ் லெட்டர் நமக்கு அந்நியமாகவே தெரியவில்லை, அப்படியே கைப்பழக்கமாகிவிட்டது. தொழில் கடிதத்தில் முறை வேறு. பையர் காலையில் மெயிலைத் திறந்தால் தான் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் இரண்டு வரியில் தெரிய வேண்டும். காரணம் பிறகு வந்தால் போதும்.

உங்கள் மெயிலை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: 'தேங்க் யூ ஃபார் த டெக் பேக், விச் வி ரிசீவ்டு எஸ்டர்டே. ஃபார் சைஸ் எம், த செஸ்ட் இஸ் 52 சென்டிமீட்டர் ஆன் பேஜ் 2 அண்ட் 54 ஆன் பேஜ் 4. விச் ஒன் ஷுட் வி ஃபாலோ? இஃப் வி ஹேவ் யுவர் ஆன்சர் பை ஃப்ரைடே, 14 ஜூன், வி கேன் ஸ்டார்ட் த ஃபிட் சாம்பிள் ஆன் மண்டே.' இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். எல்லாமே நீங்கள் தினமும் பயன்படுத்துகிற சொற்கள்தான்.

இனி அந்த 'வித்தின் ஃப்ரைடே'. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று மனசில் ஓடியது, 'உள்' என்பதற்கு 'வித்தின்' என்று கை எழுதியது. தமிழில் 'மூன்று நாளுக்குள்' என்றாலும் 'உள்'தான், 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றாலும் 'உள்'தான். ஆங்கிலத்தில் மூன்று நாள், ஒரு வாரம் என்று கால அளவு வந்தால் 'வித்தின்', குறிப்பிட்ட கிழமையோ தேதியோ வந்தால் 'பை'. வெள்ளி வரைக்கும் ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும் என்றால் 'டில்'. இதைத் தெரிந்துகொள்ள இலக்கணப் புத்தகம் முழுவதும் தேவையில்லை. உங்கள் தப்புக்கு அடியில் எந்தத் தமிழ்ச் சொல் இருக்கிறது என்று பார்த்தால் போதும், திருத்தம் நினைவில் நின்றுவிடும்.

'டவுட்'டும் அப்படித்தான். 'சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று வகுப்பில் டீச்சர் சொல்வார். அங்கே சந்தேகம் என்றால் கேள்வி. 'அவன் மேல் சந்தேகமாக இருக்கிறது' என்றால் அது நம்பாமை. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். வெளிநாட்டுக்காரருக்கு 'டவுட்' என்றால் பெரும்பாலும் இரண்டாவது பொருள்தான். 'உங்கள் அளவு அட்டவணையில் எங்களுக்கு டவுட்' என்று எழுதினால் அவர் அளவை நாம் நம்பவில்லை என்று படிப்பார். 'கொஷ்சன்' என்று எழுதுங்கள், போதும்.

'ஹேட் ரிசீவ்டு' எப்படி வந்தது? 'நேற்று மெயில் வந்திருந்தது' என்பது அழகான தமிழ். அந்த 'வந்திருந்தது'தான் 'ஹேட்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஹேட்' போட்டால், அதற்குப் பிறகு நடந்த இன்னொரு காரியமும் கதையில் இருக்க வேண்டும். 'பையர் ரத்து செய்வதற்கு முன்பே துணியை வெட்டியிருந்தோம்' என்பது மாதிரியான இடத்துக்கு அது பொருந்தும். நேற்று வந்தது என்றால் வெறும் 'ரிசீவ்டு'.

இந்த மூன்றையும்விட நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது உங்கள் இரண்டாவது மெயிலில் இருக்கிறது. 'யூ ஹேவ் டு அப்ரூவ் த லேப் டிப் (சாய நிறம் பார்க்க அனுப்பும் துணி மாதிரி) இம்மீடியட்லி' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நினைத்தது 'லேப் டிப்பை உடனே அப்ரூவ் செய்ய வேண்டும்' என்பது. தமிழில் அந்த 'வேண்டும்' பணிவாகவும் ஒலிக்கும், கண்டிப்பாகவும் ஒலிக்கும், அது சொல்கிற குரலைப் பொறுத்தது. போதாததற்கு 'செய்யுங்கள்' என்பதில் 'ங்கள்' சேர்ந்து மரியாதையைக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'ஹேவ் டு', 'மஸ்ட்', 'ஷுட்' என்று எதிராளியைப் பார்த்து எழுதினால் கட்டளையாகத்தான் விழும். காசு கொடுக்கிற பையருக்கு நாம் உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடும். 'குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் த லேப் டிப் பை டுமாரோ? த டையிங் யூனிட் இஸ் வெயிட்டிங் ஃபார் இட்' என்று கேளுங்கள். சாயப்பட்டறை காத்திருக்கிறது என்ற காரணம் 'இம்மீடியட்லி'யைவிட வேகமாக வேலை செய்யும்.

அதே மெயிலின் கடைசியில் 'வி வில் ரிவர்ட் ஆன் த கலர்' என்று இருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் 'ரிவர்ட்' என்றால் பதில் சொல்வது. வெளியே பல இடங்களில் அதற்குப் பழைய நிலைக்கே திரும்புவது என்றுதான் பொருள். நிறத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைப் போட்டால், மாற்றச் சொன்ன நிறத்தை விட்டுவிட்டுப் பழைய நிறத்துக்கே போகப்போகிறோம் என்று அவர் நினைக்க இடம் இருக்கிறது. 'வி வில் ரிப்ளை டுமாரோ அபவுட் த கலர்' என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

'டு த நீட்ஃபுல்' (ஆக வேண்டியதைச் செய்யுங்கள்), 'த சேம்' (மேற்படி) போன்றவை உங்கள் தப்பே இல்லை. அவை வெள்ளைக்காரர் காலத்து அலுவலகங்களில் இருந்து நமக்கு வந்த சரக்கு. அவர்களே அதைக் கழித்துக் கட்டிப் பல காலம் ஆகிறது. 1948இல் பிரிட்டிஷ் நிதித் துறை கேட்டுக்கொண்டதன்பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி அரசு ஊழியர்களுக்காகவே ஒரு கையேடு எழுதினார். படிக்கிறவருக்குப் புரிகிற எளிய சொல்லை எழுதுங்கள் என்பதுதான் அதில் அவர் சொன்னது. நாமோ பழைய கோப்பைப் பார்த்துப் புதுக் கடிதம் எழுதி, அந்தக் கோப்பை அடுத்தவருக்குக் கொடுத்து, இன்று வரை கொண்டுவந்துவிட்டோம். உங்கள் மேனேஜருக்கு 'டு த நீட்ஃபுல்' தப்பாகப் படாததற்கும் அதுதான் காரணம். 'நீட்ஃபுல்' என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் அவர் செய்ய வேண்டிய காரியத்தின் பெயரை அந்த இடத்தில் எழுதிவிடுங்கள்.

'ஏ', 'த' இரண்டும் பல இடங்களில் விட்டுப்போயிருக்கின்றன. தமிழில் அவை இல்லாததால் நமக்கு அவை காதில் விழுவதே இல்லை. இப்போதைக்கு அதற்காகக் கவலைப்படாதீர்கள். 'த' விட்டுப்போனதற்காகத் திரும்பி வந்த ஷிப்மென்ட்டை நான் பார்த்ததில்லை.

தேதியால் நஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அது என் கையால் நடந்தது. 1996இல் ஓர் அமெரிக்க பையருக்கு சாம்பிள் வந்து சேரும் நாளை '05/06/96' என்று ஃபேக்ஸ் அனுப்பினேன். நான் சொன்னது ஜூன் 5. அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள், அதை மே 6 என்று படித்தார்கள். மே இரண்டாவது வாரம் 'சாம்பிள் எங்கே?' என்று ஃபேக்ஸ் வந்தபோது இங்கே துணியே நிட்டிங்கில் இருந்து வரவில்லை. அந்த சீசன் ஆர்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஃபேக்ஸில் இலக்கணத் தப்பு ஒன்றுகூடக் கிடையாது. அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். எண்ணிக்கையிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. 1,00,000 என்று நாம் போடுகிற காற்புள்ளி வெளிநாட்டில் அச்சுப்பிழை மாதிரி தெரியும், 'லேக்' என்றால் பலருக்குப் புரியாது. ஜெர்மனியில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 1,500 என்று எழுதினால் ஒன்றரை என்று படிக்கவும் வழி இருக்கிறது. 1500 பீசஸ் என்று குறி எதுவும் போடாமல் எழுதிவிடுங்கள்.

சரி, இலக்கணப் புத்தகம் வாங்கட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பெயர்ச்சொல் தாண்டுவதற்குள் வேலைக் களைப்பில் மூடி வைத்துவிடுவீர்கள். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் நீங்கள் அனுப்பிய தப்பான வாக்கியம், அதற்குக் கீழே அப்போது மனசில் ஓடிய தமிழ் வாக்கியம், வலது பக்கம் திருத்திய வாக்கியம். தேதியும் போடுங்கள். தமிழ் வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மருந்து அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரியும். ஒருவர் செய்கிற தப்புகள் ஏழெட்டுத்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். எனக்கு 'வில்', 'வுட்' குழப்பமும், 'ஒன்லி'யை வாக்கியக் கடைசியில் கொண்டுபோய் வைப்பதும் வருடக்கணக்காக இருந்தன. 'நாளைக்குத்தான்' என்பதை 'டுமாரோ ஒன்லி' என்று எழுதிவிடுவேன். மெயில் அனுப்புவதற்கு முன் அந்த நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, அந்தத் தப்புகள் இதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தப்பையெல்லாம் ஒரே நாளில் தேடினால் கண்ணில் எதுவும் படாது.

இன்னொரு நல்ல பாடப் புத்தகம் உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கிறது. பையர்கள் எழுதுகிற மெயிலைப் பாருங்கள், எவ்வளவு குட்டையாக எழுதுகிறார்கள்! அவர்களில் பல பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியும் இல்லை. டென்மார்க்கில் இருந்தோ ஸ்பெயினில் இருந்தோ எழுதுகிறவர் நம்மைப் போலவே பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். அவருக்கும் நமக்கும் நடுவில் நீள வாக்கியம் எதற்கு?

மரபு விஷயம் ஒன்று. யாரென்று தெரியாமல் 'டியர் சர்' என்றோ 'டியர் சர் ஆர் மேடம்' என்றோ தொடங்கினால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி', பெயர் போட்டு அழைத்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. தினமும் பேசிக்கொள்கிற பையருக்கு மெயிலில் 'ரிகார்ட்ஸ்' போதும். எட்டு மாதமாக எழுதுகிறவரை இன்னும் 'டியர் சர்' என்று அழைக்க வேண்டாம், பெயரைப் போடுங்கள்.

ஆப் விஷயம். நீங்கள் எழுதிக் கொடுத்தது, 'சனிக்கிழமை அனுப்ப முயற்சி செய்கிறோம்'. அது திருப்பிக் கொடுத்தது, 'சனிக்கிழமை அனுப்பப்படும்'. ஆங்கிலம் பளபளப்பாக இருந்ததால் அனுப்பிவிட்டீர்கள். முயற்சி வாக்குறுதியாகிவிட்டது, பையர் சனிக்கிழமை ட்ராக்கிங் நம்பர் கேட்டார். ஆப்பைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதில் போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து அது எதை மாற்றியது என்று பாருங்கள். மாற்றம் நியாயமாக இருந்தால் நோட்டில் ஏற்றுங்கள். தேதி, அளவு, விலை, வாக்குறுதி நான்கும் நீங்கள் எழுதியபடியே இருக்கின்றனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். பையரின் விலை விவரத்தை வெளி ஆப்பில் போட உங்கள் கம்பெனி அனுமதிக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் பயந்துகொண்டு கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

மேனேஜரிடமும் ஒரு தடவை போங்கள். 'சார், அளவு, தேதி, விலை இருக்கிற மெயிலை மட்டும் அனுப்புவதற்கு முன்னால் காட்டுகிறேன், ஐந்து நிமிடம் பார்த்துத் தருவீர்களா?' என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தப்பு போனால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

பையரிடம் மன்னிப்பா? 'வித்தின் ஃப்ரைடே'வுக்குத் தேவையே இல்லை, அவர் அதை மறந்தே போயிருப்பார். எண்ணோ தேதியோ தப்பாகப் போனால் மட்டும் அன்றைக்கே திருத்தம் அனுப்புங்கள். சப்ஜெக்ட் வரியில் 'கரெக்‌ஷன்' என்று போட்டு, தப்பானது எது, சரியானது எது என்று இரண்டையும் எழுதுங்கள். தப்பைச் சொல்லாமல் சரியானதை மட்டும் அனுப்பினால் எது கடைசி முடிவு என்று அவருக்குத் தெரியாது. ஒரு 'சாரி' போதும், நான்கு போட்டால் திருத்தம் அதற்குள் காணாமல் போய்விடும். ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்யும் நேரத்தை 30 விநாடியாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பாதித் தப்புகள் 'சென்ட்'டை அழுத்திய அடுத்த மூச்சில்தான் கண்ணில் படும்.

உங்கள் மூன்றாவது மெயிலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வாஷ் டெஸ்ட்டில் துணி 7 சதவீதம் சுருங்கியது, நாம் 5தான் விட்டிருந்தோம், பேட்டர்னைத் திருத்திப் புது சாம்பிள் தைக்கிறோம், அதற்கு நான்கு நாள் கூடுதலாகும், சம்மதமா என்று ஐந்தே வரியில் கேட்டிருக்கிறீர்கள். வெட்டுமேசையில் ஆள் காத்திருந்ததால் அவசரமாக எழுதினேன், அதனால் சரியாக வந்திருக்காது என்று குறிப்பு வேறு போட்டிருக்கிறீர்கள். அதில் 'ஷ்ரிங்க்டு' என்று ஒரு தப்பு இருக்கிறது, 'ஷ்ரேங்க்' என்று இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் 'த' இல்லை. பையர் ஒரு மணி நேரத்தில் 'ஓகே, ப்ரொசீட்' என்று பதில் போட்டிருக்கிறார். அந்த மெயிலை பிரின்ட் எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.